தக்கைத் துப்பாக்கியின் லீவர்

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். எங்களிடம் இருப்பது தக்கைத் துப்பாக்கி. பர்மாவின் யங்கோனில் பயா பொவே என்று சொல்லும் புத்தர் கோயில் திருவிழாக்களில், ராட்டினத்துக்கும் வடைக்கடைக்கும் நடுவில் எங்கள் கடை இருக்கும். பலகைத் தட்டில் பிஸ்கட் பொட்டலம், சோப்பு, பிளாஸ்டிக் யானை எல்லாம் அடுக்கியிருப்போம். தக்கையால் சுட்டு எதைக் கீழே தள்ளுகிறீர்களோ அது உங்களுக்கு.

மூன்று துப்பாக்கிகளில் இரண்டு பிளாஸ்டிக். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது என் மாமனார் காலத்தது. விசைக்குக் கீழே, கை நுழைகிற மாதிரி வளைந்த ஓர் இரும்பு லீவர். அதை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி, 'க்ளக்' என்று கொக்கியில் மாட்டும். அந்தச் சத்தத்துக்கு ராட்டினத்தில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கோணல் துப்பாக்கி வைத்து ஏமாற்றும் கடைகள் உண்டு என்பதால், கடைக்காரர் முதலில் தானே சுட்டுக் காட்டுவது எங்கள் தொழிலில் முறை. என் கணவர் சுட்டுக் காட்டியது எப்போதும் அந்த லீவர் துப்பாக்கியால்தான்.

ஒரு திருவிழா முடிந்து சாமான் ஏற்றும்போது அது லாரியிலிருந்து விழுந்தது. லீவர் இரண்டாக முறிந்தது. தோளில் வைக்கும் கட்டை பிளந்தது. ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்துதான் இருந்தது.

"இந்தத் தடிங்ஜுட்டுக்குக் கடை போட முடியலன்னா நான் தாய்லாந்து போயிடறேன் புள்ள. மீன் ஆலை வேலைக்கு ஏஜெண்டுகிட்டப் பேசிட்டேன்" என்றார் என் கணவர். தடிங்ஜுட் என்பது இங்கே விளக்குத் திருவிழா.

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. "போங்க, போயி அங்க மீனு அறுங்க. அதுக்கு முன்னால இத நான் சரிபண்ணிக் காட்டறேன்" என்றேன். துப்பாக்கி சரியானால் கடை உண்டு, கடை இருந்தால் இவர் இருப்பார். என் கணக்கு அவ்வளவுதான்.

முதலில் ஸ்பிரிங். லான்மடா வட்டாரத்தில் ஸ்பிரிங் மட்டுமே விற்கும் ஒரு கடை இருப்பது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. உள்ளே போனதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பேனாவுக்குள் போகிறதிலிருந்து லாரிக்கு அடியில் போகிறது வரை, சுவர் தெரியாமல் தொங்கின. கடைக்காரப் பெண்ணிடம் துப்பாக்கிக்கு என்று சொல்லத் தைரியமில்லை. ராணுவ ஆட்சி நடக்கும் இந்தக் காலத்தில் அந்தச் சொல்லை வெளியில் சொல்லக் கூடாது. "விளையாட்டுச் சாமானுக்கு" என்று பர்மியத்தில் சொன்னேன். அவள் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டு, "நீயே தேடிக்கோ அக்கா" என்றாள்.

பழைய ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளங்கைகளுக்கு நடுவில் அமுக்கிப் பார்த்தேன். சில பிடிவாதக்காரிகள், அசையவே மாட்டேன் என்றன. சில தொட்டதும் படுத்துவிட்டன. கைகள் கருத்து, இடுப்பு விட்டுப்போன பிறகு ஒன்று, அமுக்க அமுக்க இணங்கி, கடைசியில் என் கையைத் தள்ளியது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எந்த ஊரிலோ, என்ன இயந்திரத்துக்கோ யாரோ சுற்றிய கம்பி, எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்கென்றே காத்திருந்ததைப் போல இருந்தது.

லீவர்தான் தலைவலி. எங்கள் தொழிலில் இருந்த ஒரு பர்மியக் குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் இருந்தது. கடை போடுவதை விட்டு வெகுகாலமாகிவிட்டது. அவர்களிடமும் இதே மாதிரித் துப்பாக்கி ஒன்று இருந்த ஞாபகம். படகில் போய், சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி விசாரித்துப் போனேன். அந்த வீட்டம்மா அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். லீவர், கூரைக் கம்பியில் கட்டப்பட்டு, கருவாட்டுக் கூடை தொங்கும் கொக்கியாக இருந்தது. மிச்சத் துப்பாக்கி எப்போதோ விறகாகிவிட்டதாம். துருவுக்கு அடியில் அதே வளைவு, அதே இரண்டு துளை. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"எடுத்துட்டுப் போ. ஆனா படகுத்துறையில பையத் தொறந்து பார்ப்பாங்க, ஜாக்கிரதை" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பார்த்தவுடன் துப்பாக்கி என்று தெரிகிற இரும்பு அது. தக்கைக்கானது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? திரும்பும் வழியில் கோயிலுக்குப் போகலாம் என்று கூடையில் தேங்காய், பழம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தேன். லீவருக்கு மஞ்சள் தடவி, குங்குமத்தால் மூன்று பொட்டு வைத்து, தேங்காய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்துப் பூவைச் சுற்றினேன்.

துறையில் இளவயதுச் சிப்பாய் ஒருவன் கூடைக்குள் கையை விட்டான். "இது என்ன?"

"எங்க அம்மனோடது" என்றேன்.

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். தொட்டுவிட்டோமே என்று அவன் முகம் சுருங்கியது. போ என்று தலையசைத்தான். படகில் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். கருவாட்டுக் கொக்கியைச் சாமியாக்கியதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கரை சேர்ந்தேன்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அவர் பழைய தேக்குக் கட்டிலின் காலை அறுத்து, கட்டை செதுக்க உட்கார்ந்தார். மாலை வேளைகளில் கரண்ட் இருக்கும்வரை சீவினார், தேய்த்தார். லீவரைச் சூடாக்கித் தட்டி வளைத்தார். எங்கெங்கோ கிடந்த சாமான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு நாள் 'க்ளக்' என்று அந்தச் சத்தம் வந்தது. மேலெல்லாம் புல்லரித்தது. இனி இவர் எங்கும் போகமாட்டார் என்று உள்ளுக்குள் கூத்தாடினேன்.

தடிங்ஜுட் பௌர்ணமிக்குச் சில நாள் முன்னால் ஆயுத பூஜை. எங்கள் குடும்பத்தில் அவரவர் தொழில் சாமானுக்கு அவரவர்தான் பொட்டு வைக்க வேண்டும். அன்றைக்கு என் தையல் கத்தரிக்கோலை அவர் தொடமாட்டார், அவர் துப்பாக்கிகளை நான் தொடமாட்டேன். கத்தரிக்கோலுக்கு வைத்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினேன். அவர் திருப்பித் தள்ளினார்.

"லீவர் துப்பாக்கிக்கு நீ வை."

"நான் எதுக்கு? அது உங்க சாமான்."

"டாலாவுலயே நீ வெச்சிட்டியே. அப்பவே உன்னோடதாயிடுச்சு" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "பொவே இப்பல்லாம் எத்தன நடக்குது? அத மட்டும் நம்பி ரெண்டு பேரும் குந்தியிருக்க முடியாது. பௌர்ணமி முடிஞ்சதும் நான் கெளம்பறேன். நான் இல்லாட்டியும் கடை நிக்கணும் புள்ள."

சாமி முன்னால் என்றும் பார்க்காமல் கத்தினேன். "நான் நாயா அலஞ்சது உங்கள நிக்க வைக்க! கடைய நிக்க வைக்க இல்ல!"

அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். கற்பூரம் அணையப் போனது. அழுதுகொண்டே பொட்டு வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்கலாம். காலையில் வேண்டாவெறுப்பாகத் தூக்கித் தோளில் வைத்தேன். கட்டை என் தோள்குழியில் போய் அப்படியே உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்க்கத் தேவையிருக்கவில்லை. லீவருக்குள் என் கை வளையலோடு நுழைந்தது. அவர் கை அதில் பாதிகூடப் போகாது. அத்தனை மாலையும் அவர் சீவியது எனக்காக. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. என்ன மனுஷன் இவர் என்று மலைத்துப்போய் நின்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தத் திருவிழாவில் நான்தான் சுட்டுக் காட்டினேன். அவர் கூட்டத்துக்குள் நின்று கை தட்டினார். பௌர்ணமி முடிந்து கிளம்பிப் போனார். இப்போது தாய்லாந்தில் மீன் ஆலையில் இருக்கிறார்.

வருகிறவர்கள் எல்லாரும் லீவர் துப்பாக்கியைத்தான் கேட்கிறார்கள். இந்தத் தடவை நெட்டையான ஒருவன் அதைத் தோளில் வைத்து நெளிந்து பார்த்துவிட்டு, "என்ன ஆன்ட்டி, கட்டை இவ்வளவு குட்டையா இருக்கு? அளவு தெரியாதவன் செஞ்சதா?" என்றான்.

"நல்லா அளவு தெரிஞ்சவர் செஞ்சது" என்று சொல்லி, வாங்கி, லீவரை இழுத்துத் தக்கையை மாட்டிக் கொடுத்தேன்.