நன்றிப் பக்கத்தில் என் பெயர்

கப்பல் ஏஜென்சியில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே தப்பைக் கண்டுபிடித்தால் பாராட்டு, சிநேகிதி எழுதிய நாவலில் கண்டுபிடித்தால் பகை. எழுத்தாளரைத் தோழியாகப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மகேஸ்வரிக்குச் சாத்தான்குளம். தூத்துக்குடியில் மூன்று வருஷம் என்னோடு படித்தாள், விடுதியில் இருந்தாள். அந்த அனுபவத்தை வைத்து எங்கள் கடற்கரையில் ஒரு காதல் நாவல் எழுதி, அச்சுக்குப் போகும் முன் படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

உப்பளத்தில் ஓட்டம்

இரண்டாம் அத்தியாயத்தில் நாயகி மே மாத நடுப்பகலில், உப்புப் பாத்திகளுக்குள் வெறுங்காலோடு காதலனை நோக்கி ஓடுகிறாள். ஒன்றரைப் பக்கம் ஓடுகிறாள். மதியச் சாப்பாட்டின்போது அதை முத்துமாரிக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரி; அவள் அம்மாவுக்கு உப்பளத்தில்தான் வேலை.

டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னாள்: "அது காதல் இல்லளா, கால் எரிச்சல்."

சுண்டைக்காய் அளவு முத்து

நாயகன் அந்தோணி ஒரே மூச்சில் கடலுக்குள் முங்கி, முதல் சிப்பியிலேயே சுண்டைக்காய் அளவு முத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறான். இங்கே முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிறது. எனக்கே சந்தேகம் வந்து, சங்கு குளிக்கப் போகும் பக்கத்து வீட்டு சூசை மாமாவிடம் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இருவது வருசமா முங்குதேன், எனக்குக் கெடச்சது காது வலிதான். அந்தத் தம்பி எந்தக் கடல்ல முங்குதான்னு கேட்டுச் சொல்லு, நானும் வாரேன்."

நன்றிப் பக்கம்

நாவல் எப்படி என்று மகேஸ் போனில் கேட்டாள். பென்சிலால் நான் குறித்த தப்புகள் மடியில் கிடந்தன. "நல்லாருக்கு" என்றேன். அவள் சந்தோஷத்தில், "கடற்புரத்து விவரங்களைச் சரிபார்த்துத் தந்தவர்" என்று என் பெயரை நன்றிப் பக்கத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். புத்தகத்தில் எங்கள் வீட்டுப் பெயர் வருவது இதுவே முதல் தடவை. அதுவும் இந்தப் புத்தகத்தில்!

"ஒன் பேரப் பாத்தா ஒரு பய குறை சொல்ல மாட்டான்ளா!" என்றாள் மகேஸ்.

ஞாயிற்றுக்கிழமைப் படகு

மிச்ச அத்தியாயங்களைப் பயந்துகொண்டே படித்தேன். கடைசியில் நாயகி கரையில் நின்று கையசைக்க, அந்தோணி ஞாயிற்றுக்கிழமை காலை கடலுக்குப் போகிறான். எங்கள் கரையில் அன்று ஒரு படகும் இறங்காது. ஊரே மாதா கோயிலில் பூசைக்கு இருக்கும். அப்பா கடல் தொழில்தான் செய்கிறார். அவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? இதையா நீ சரிபாத்த?" என்றார். அந்த இரண்டாவது கேள்விதான் தூங்கவிடவில்லை.

மறுநாள் மகேஸிடம் எல்லாத் தப்பையும் ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டு, "திருத்து, இல்லன்னா என் பேர எடுத்துரு" என்றேன். நட்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

"ஏளா, என் ஹீரோயின் பேங்க்ல வேலை பாக்கா. அவளுக்கு ஞாயித்துக்கிழமதான் லீவு. வேணும்னா ஒங்க ஊர்க்காரங்களக் கெழமைய மாத்தச் சொல்லு."

தோழர்களே, புத்தகம் வந்துவிட்டது: ஒரு வரியும் திருத்தாமல், கேட்டபடியே என் பெயரை நன்றிப் பக்கத்திலிருந்து எடுத்து, "உண்மையை மட்டுமே பேசும் என் உயிர்த்தோழிக்கு" என்ற சமர்ப்பணத்தோடு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாள்.