தாளிப்பு நின்ற வீட்டைத் தேடியவர்

குமுளியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அலைபேசி அடித்தது. என் பழைய மாணவி முருகேஸ்வரி. "டீச்சர், பேச்சியக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குன்னாங்க. ஜீப்புல ஏத்துறதுக்குள்ள..." உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஆஷா சுகாதாரப் பணியாளராக இருந்த பேச்சியம்மாள் இனி இல்லை. கீரைக்கட்டைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய குடையும் வேக நடையும் நினைவிருக்கும். "வீட்டு நம்பர் இல்லாத சேதிய நான் எடுக்க மாட்டேன்" என்பார். ஓர் உதாரணம் சொல்கிறேன். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை என்று ஒருமுறை பேச்சு கிளம்பியது. மழையில் ஏறிப் போய்ப் பார்த்தார். கம்பளிப்பூச்சி பட்டு உடம்பெல்லாம் தடித்துப்போன ஒரே ஒரு பையன். "ஒரு பயதான் டீச்சர். நாலு வாயில நாலு பயலாயிட்டான்" என்று நனைந்த சேலையோடு நின்று சிரித்தார்.

ஆனால் அவர் யார் என்பதை எனக்குக் காட்டியது, சில வருஷங்களுக்கு முன் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த அந்த வாரம்தான். வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. எங்கள் லயமேதான். வீட்டுக்கு வீடு வேப்பிலை. "ஊசி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை, வெளியே தெரியாமல் மறைக்கிறார்கள்" என்று பின்னால் ஒரு குரல். இரண்டு நாளில் பள்ளிக்கூடத்தில் தட்டம்மைத் தடுப்பூசி முகாம். நான் பதறிப்போய் அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். முருகேஸ்வரிக்கும் போனது. அவளுடைய மகளுக்கு அப்போது ஒன்பது மாதம் முடிந்து, முதல் ஊசி போட வேண்டிய நேரம். "நீங்களே அனுப்பிட்டீங்க டீச்சர். பிள்ளைய நான் கொண்டுவர மாட்டேன்" என்றாள்.

பேச்சியம்மாள் நேராக என் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை. "படத்த நிறுத்தி நிறுத்திப் பாருங்க" என்றார். "அம்மை கண்டா அந்த வீட்டு வாசல்ல மட்டுந்தான வேப்பிலை சொருகுவோம்? இங்க கயித்துல கோத்து லயத்துக்குக் குறுக்கால கட்டியிருக்கு. ஏலக்கா ஸ்டோருக்கும் கட்டியிருக்கு. பூட்டிக் கிடக்க ஸ்டோருக்குமா அம்மை போட்டிருக்கு?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அது திருவிழாத் தோரணம். வருஷா வருஷம் நானே அதன் கீழே நடந்து போயிருக்கிறேன். "அப்படியானால் தட்டம்மையே இல்லை என்று எழுதி அனுப்பட்டுமா?" என்றேன்.

"அத யாரு பாத்தா? படம் பொய்யின்னுதான் பாத்தோம். பிள்ளைகள இன்னும் பாக்கலையே."

மறுநாள் உச்சிப்பொழுதில் என்னையும் கூட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றினார். காப்புக் கட்டிய நாளில் நோய் கண்டதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். எல்லா வாசலிலும் வேப்பிலை இருப்பதால் அடையாளமும் தெரியாது. அவர் கதவைத் தட்டவில்லை, மூக்கைத்தான் தீட்டிக்கொண்டு நடந்தார். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள் அல்லவா? கடுகு மணம் வராத வீடு எது என்று பார்த்துப் போனார். இரண்டு வீடுகளில் மணம் இல்லை. ஒன்று முருகேஸ்வரிக்கு அடுத்த வீடு.

"ஆத்தா வந்திருக்கா. ஊசிக்காரங்க உள்ள வரப்படாது" என்று அந்த வீட்டுக்காரர் வழிமறித்தார்.

"ஆத்தா இருக்கட்டும்ணே, அவள நான் போகச் சொல்லல. பிள்ளைக்குக் கண்ணு செவந்திருக்கான்னு பாத்துட்டுப் போயிருதேன்."

இரண்டு வீட்டிலுமாக மூன்று பிள்ளைகள். காய்ச்சல், இருமல், சிவந்த கண், முகத்திலிருந்து இறங்கிய தடிப்பு. மாலையில் டாக்டர் வந்து பார்த்துத் தட்டம்மை என்றார். பின்னால் ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஊசி போட்டதால் வந்ததா? பேச்சியம்மாள் மூவரின் தடுப்பூசி அட்டைகளையும் விரித்து வைத்தார். தட்டம்மை ஊசிக்கான கட்டங்கள் காலி. ஊசி போடும் சமயத்தில் அவர்கள் கம்பம் பக்கம் சொந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். அங்கே போட்டிருப்பார்கள் என்று இங்கேயும், இங்கே போட்டிருப்பார்கள் என்று அங்கேயும் நினைத்திருக்கிறார்கள்.

"காணொளி பொய் என்பதை மட்டும் சொல்லுவோம். தட்டம்மை இருக்கிறது என்றால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள்" என்றேன் நான்.

"பாதிய நான் சொன்னா மீதிய வாட்ஸ்அப் சொல்லும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நேரே கோயிலுக்கு நடந்தார்.

விழாக் கமிட்டித் தலைவர் மைக்கைத் தரத் தயங்கினார். "திருவிழா நேரத்துல அம்மைப் பேச்சா, அக்கா?"

"மாரியாத்தா கோயில்ல அதப் பேசாம டீக்கடையிலயா பேசுவாக? கொண்டாங்க."

மேளம் நின்றது. அந்தக் காணொளி நம் திருவிழாத் தோரணம் என்றார். இரண்டு வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்குத் தட்டம்மை இருப்பது உண்மை என்றார். மூவருக்குமே ஊசி போட்டிருக்கவில்லை என்றார். அந்த வீடுகளை யாரும் பழிக்கக் கூடாது, நாளைக்கு முகாம், அவ்வளவுதான். பிறகு நான் மைக்கை வாங்கி, அந்தக் காணொளியைத் தவறாக அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்றேன். நாற்பது ஆண்டு வகுப்பெடுத்ததில் அப்படித் தவறை ஒப்புக்கொண்டதே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி, சரிவில் ஏலச்செடிகள் வரைக்கும் நின்றது! முதல் ஆளாக முருகேஸ்வரி, இடுப்பில் மகளோடு. கொண்டுவந்த மருந்து தீர்ந்துபோய், இன்னொரு பெட்டி ஜீப்பில் வந்து இறங்கியபோது தாய்மார்கள் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஊசி போட்ட கையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்த மூவரும் தேறி எழுந்தார்கள். லயத்தில் நான்காவதாக ஒரு பிள்ளைக்கும் தட்டம்மை வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம். பேச்சியம்மாளின் அடக்கத்தன்று முருகேஸ்வரியின் மகள் கூட்டத்துக்குள் குதித்து ஓடியபோது, அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

வகுப்பில் நான் ஒருநாளும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. பேச்சியம்மாளோ அதைக் கூச்சமில்லாமல் சொல்வார். சொன்ன கையோடு குடையை எடுப்பார். அந்த ஒரு பழக்கத்தைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். "டீச்சர், கீழ் டிவிஷன்ல தட்டம்மைன்னு சொல்லுதாங்க. நெசமா?"

"தெரியாதும்மா" என்றேன். "எந்த வீடு, சொல்லு. இதோ கிளம்பிட்டேன்."