போடில் திறந்த ஜன்னல்

போடில் என் தங்கை. அவள் ஓய்வுபெற்ற வாரம், எங்கள் ஊர்ப் பத்திரிகை அவள் வகித்த பதவிகளை வரிசையாகப் போட்டிருந்தது. நர்ஸ், வார்டு பொறுப்பாளர், தலைமை நர்ஸ், துணை இயக்குநர், கடைசியில் மருத்துவமனை இயக்குநர். ஒரு இடத்தில் 1991 என்பதை 1992 என்று போட்டுவிட்டார்கள். நான் போன் செய்து திருத்தச் சொன்னேன். ஆனால் ஜன்னலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதைத் திருத்தச் சொல்ல முடியாது, எழுதத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் ரிக்மோர். போடிலைவிட ஐந்து வயது மூத்தவள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பழைய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் தரை துடைத்தேன். போடில் 1978இல் அங்கே இரண்டாவது மாடிக்கு நர்ஸாக வந்தாள். யாராவது இறந்தால் ஜன்னலை அகலத் திறந்து வைப்பது டென்மார்க்கில் எங்கள் ஜூட்லாந்துப் பக்கத்தில் பழைய நர்ஸுகளின் வழக்கம். போனவர் போக வழி வேண்டும் அல்லவா? அப்போது அது மெல்ல விட்டுப்போய்க்கொண்டிருந்தது. போடில் வார்டு பொறுப்பாளரானதும் அதை மறுபடியும் விதியாக்கினாள். எந்தப் பருவமானாலும் சரி, ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும், அறைக்குள் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் நான் வாளியோடு உள்ளே போவேன். அவள் திறந்ததை நான் மூடுவேன். ஜனவரியில் மேற்குக் காற்று பனியைக் கட்டில்வரை கொண்டுவந்து கொட்டியிருக்கும். அதையும் துடைப்பேன்.

ஒருமுறை ஒரு இளம் டாக்டர் சிரித்தார். "சிஸ்டர், போனவருக்குக் காத்து எதுக்கு? நமக்குத்தான் ஜலதோஷம் பிடிக்குது."

"நீங்க ஸ்வெட்டர் போட்டுக்குங்க, டாக்டர். அவரால போட்டுக்க முடியாது" என்றாள் போடில்.

எங்கள் அம்மா 1988இல் அந்த மாடியில்தான் இறந்தார். போடிலே ஜன்னலைத் திறந்தாள். கடற்கழியின் உப்பு வாடை உள்ளே வந்தது. மீன் துறைமுகத்தில் நாற்பது வருடம் பெட்டி தூக்கிய எங்கள் அப்பா ஆக்செல், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்.

"எனக்கும் இதைச் செய்யணும்."

"செய்றேன்ப்பா" என்றாள் போடில்.

அதன் பிறகு அவள் மேலே மேலே போனாள். முதல் பெரிய கூட்டத்துக்கு அவள் போட்டுப்போன சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன். இயக்குநரான பிறகும், வெளியூர் விருந்தினரோடு நடைவழியில் வந்தால் என் துடைப்ப வண்டி அருகே நின்று, "இது என் அக்கா" என்பாள். ஒருநாள்கூட என்னைத் தெரியாதவள்போலப் போனதில்லை. ஊரில் சிலர் வேறுமாதிரி பேசுகிறார்கள், அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், புதிய மருத்துவமனை கட்ட முடிவாயிற்று. அதற்கான குழுவில் போடில் ஏழு வருடம் இருந்தாள். புதுக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறக்காது, திறந்தால் மாடி முழுவதற்குமான காற்றோட்ட இயந்திரம் தடுமாறும் என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறைக்கு வந்து, தட்டில் வைத்த கறுப்பு ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வார்டுக்கு ஒரே ஒரு ரூம்ல திறக்கற ஜன்னல் வைப்பாங்க அக்கா. அதுக்குமேல தர மாட்டேங்கிறாங்க."

"சாகறவங்க எல்லாரும் அந்த ரூமாப் பாத்து வந்து சாவாங்களா?"

"கட்டிலை அங்கே தள்ளிக்கிட்டுப் போகலாம். எழுத்துல வாங்கிட்டேன்."

"வரைபடத்துல பாத்தியா?"

"அது வாரத்துக்கு ஒண்ணு மாறுது அக்கா. எழுத்துல இருக்குல்ல, விடு."

நான் திரைச்சீலைத் துணியைக்கூட இரண்டுமுறை அளக்காமல் வெட்டமாட்டேன். போய்ப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இயக்குநர் அவள், நான் வாளி தூக்கியவள்.

அப்பாவுக்குத் தொண்ணூற்றொரு வயதானபோது, நவம்பரில், நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. புதிய மருத்துவமனையில் நான்காவது மாடியில் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் விரல் மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார்.

"இது திறக்குமா?"

"இது திறக்காதுப்பா. திறக்கற ரூம் ஒண்ணு இருக்கு. அங்கே கொண்டுபோவோம்" என்றாள் போடில்.

"சரி. நீ பாத்துக்குவே."

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் போனார். போடில் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொறுப்பில் இருந்த நர்ஸ் மாய்கென் என்ற சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். போடிலின் அடையாள அட்டை கோட்டுப் பைக்குள் இருந்ததால், அவள் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்பாவைத் திறக்கற ஜன்னல் இருக்கற ரூமுக்குக் கொண்டுபோகலாம்மா" என்றாள் போடில்.

"அப்படி ஒரு ரூமே இல்லீங்களே" என்றாள் அந்தப் பெண், பாவம், மெதுவாகத்தான் சொன்னாள். "நாங்க கதவைத்தான் தொறந்து வைப்போம். மேலே உக்காந்திருக்கறவங்க ஒரு சாவைக்கூடக் கிட்டப் பாத்திருக்க மாட்டாங்கன்னு எங்க சீனியர் திட்டுவாங்க."

இந்த மாவட்டத்துக்கே ஜன்னல் திறக்கக் கற்றுக்கொடுத்தவள் இவள்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். போடில் என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"ஒண்ணு இருக்கணும்மா. எழுத்துல இருக்கு."

மாய்கென் யோசித்தாள். "துணி வைக்கிற ரூம்ல ஒரு ஜன்னலுக்குக் கைப்பிடி இருக்கு. ஆனா கட்டில் அந்தக் கதவுல நுழையாதே."

போடில் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "கடைசி வரைபடத்துல ரூமை மாத்தியிருக்காங்க அக்கா. கையெழுத்து என்னுது."

நாங்கள் இருவரும் அங்கே போனோம். அப்பாவின் அறையிலிருந்து ஆறு கதவு தள்ளி, எண்ணினேன். ஜன்னல் சட்டத்தில் கட்டும்போது ஒட்டிய நீல நாடாகூட உரிக்கப்படாமல் இருந்தது. போடில் அதை நகத்தால் உரித்து எடுத்துவிட்டு, கைப்பிடியைத் திருப்பித் திறந்தாள். வயலில் கொட்டிய பன்றி எருவின் நாற்றம் உள்ளே வந்தது. அடுக்கிய தலையணை உறைகள் படபடத்தன. அப்பாவின் கதவையும் திறந்து வைத்திருந்தோம். ஆனால் நடைவழியின் நடுவே இருந்த தீத்தடுப்புக் கதவு தானாக மூடிக்கொண்டது. காற்று எங்களைத் தாண்டி அப்பாவிடம் போகவில்லை.

பராமரிப்புக்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"யாருங்க திறந்தது? மாடி பூரா அழுத்தம் இறங்கிருச்சு. கடைசி ரெண்டு ரூம்ல கிருமி படக் கூடாத நோயாளிங்க இருக்காங்க. இதைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவே இருக்கு."

"யார் போட்ட உத்தரவு?" என்று கேட்டேன்.

"இயக்குநர்."

"என்னுதுதான்" என்றாள் போடில். அவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

போடில் கடிகாரத்தைப் பார்த்தாள். பழைய நர்ஸுகள் பார்ப்பதுபோல, சட்டையில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம். அதை மட்டும் அவள் கடைசிவரை மாற்றவில்லை. திறந்து பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"மூடிடு அக்கா."

புதுக் கைப்பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித்தான் மூட முடிந்தது. போடில் குனிந்து, தரையில் கிடந்த நீல நாடாவைப் பொறுக்கி, அட்டை இருந்த பையிலேயே போட்டுக்கொண்டாள்.