தேதியைப் படித்தால்தான் ஊசி

“நீயே படி. இன்னா தேதி போட்டிருக்குது?”

மூக்கு குத்திக்கொள்ள வந்தவரின் கையில் ஊசி உறையைக் கொடுத்து, காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிக்க வைத்த பிறகே செல்வகுமாரி அதைக் கிழிக்கிறார். தவளக்குப்பம் சந்திப்பில் வளையல் கடை. பின்பக்கத் தடுப்புக்குள் காது, மூக்கு குத்துகிறார். வெளியே பேருந்து ஹாரன் அடித்தால் குத்த மாட்டார். சத்தம் ஓயும்வரை ஊசியை நிமிர்த்திப் பிடித்திருப்பார்.

சர்க்கரை உண்டா, தழும்பு தடித்து வளரும் உடம்பா என்று முதலில் விசாரிப்பார். மேல்காதில் குத்தச் சொல்லும் கல்லூரிப் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். “அது குருத்தெலும்புடி. சீழ் வச்சா காதே சுருங்கிப்பூடும். வளையல் வாங்கினு கெளம்பு.” வளையல் வாங்கப் போன நான் எங்கோ ஒரு கடற்கரை ஊரில் மேல்காதில் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, “எவன்டி ஒனக்கு ஆணி அடிச்சது?” என்றார்.

மருந்துக்கடையில் விற்கும் உப்புநீரைத் தவிர புண்ணில் எதுவும் படக் கூடாது என்று எல்லோரிடமும் மூன்று முறை சொல்வார். மூன்று முறையும் தலையாட்டுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, கிருமாம்பாக்கத்து அமுதம் தன் மகள் தீபிகாவோடு வந்தார். பத்து நாள் முன்பு இங்கே குத்திய தீபிகாவின் மூக்கு. வீக்கம் கன்னம்வரை ஏறியிருந்தது. துளையில் ஈர்க்குச்சி. வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த வைர மூக்குத்தி அமுதத்தின் கையில் இருந்தது.

“குச்சிய எடுத்துட்டு இதப் போட்டுவுடு.”

“இன்னாத்துக்கு இந்தக் கூத்து?”

“திருகு தடிமனா இருக்குது. ஓட்ட பெருசாவட்டும்னு தொடப்பக்குச்சி சொருவுனேன். மஞ்சளும் வச்சேன்.”

செல்வகுமாரி தீபிகாவின் நெற்றியைத் தொட்டார். சுட்டது. “மூக்குத்தி இல்லன்னா தாலி ஏறாதா? ஆஸ்பத்திரிக்கு நட.”

“சம்மந்தி கேட்டா நீ குத்துனதுதான் இப்டி ஆச்சுன்னு சொல்லுவேன். அப்பறம் ஒன் கடைக்கு எவ வருவா?”

“சொல்லிக்க. வா மொதல்ல.” கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு, ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் குச்சியை உருவி, சீழைத் துடைத்து, ஊசி போட்டார். ஆறும்வரை மூக்குத்தி கூடாது என்றார். தீபிகா அழவில்லை, அமுதம்தான் அழுதார்.

“எந்தப் புண்ணியவதி குத்துனது இது?” சீட்டு எழுதியபடியே மருத்துவர் கேட்டார்.

அமுதம் தரையைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த செல்வகுமாரி வலது கையை உயர்த்தினார். மருத்துவர் நிமிர்ந்து பார்க்கும்வரை இறக்கவில்லை.