நான் பார்க்காத தூசி மேகங்கள்

பெரிய நட்சத்திரங்கள் குளிர்ந்த தூசி மேகங்களுக்குள் பிறக்கின்றன. தொலைநோக்கி எடுத்த படங்களில் மேகம் மேகமாகப் பார்த்து, உள்ளே நட்சத்திரம் பிறந்துவிட்டதா, இன்னும் காலியா என்று குறிப்பதுதான் எங்கள் கணக்கெடுப்பு. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் குறித்ததை மற்றவர் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது.

முதலில் பார்த்தவள் மம்சாபுரத்துப் பெண். எனக்குப் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். என்னை அக்கா என்பாள். அவளுடைய முனைவர் பட்டமே அந்தப் பட்டியலைத்தான் நம்பியிருந்தது. இரண்டாவது ஆள் நான். ராஜபாளையத்தில் கல்லூரி வேலை, மேசை நிறைய விடைத்தாள். முதல் நாற்பது மேகங்களை ஒழுங்காகப் பார்த்தேன். அவள் கோப்பைத் திறந்து ஒப்பிட்டேன், அத்தனையும் ஒத்துப்போனது. இவளுக்குக் கழுகுக் கண், நான் வேறு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று மிச்சத்துக்கெல்லாம் அவள் குறித்ததையே என் கட்டங்களில் ஒட்டினேன். சந்தேகம் வராதிருக்க ஒன்றிரண்டை மாற்றியும் வைத்தேன். வெட்கங்கெட்ட வேலை. அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

இரண்டு பேரும் காலி என்று குறித்த ஒரு மேகத்தைப் பெரிய தொலைநோக்கி ஒன்றில் பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்காக எத்தனையோ நாள் காத்திருந்தாள். முடிவு வந்தபோது உள்ளே ஒரு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. பழைய படத்திலேயே அது சின்னப் புள்ளியாக இருந்திருக்கிறது.

"எங்கண்ணுலதான் ஏதோ கோளாறுக்கா. நீங்களாவது கண்ணாடி போட்டவிய, எனக்கு என்ன வந்துச்சு? ஆஸ்பத்திரிக்குக் கூட வாரீயளா?" என்றாள்.

போனேன். மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டியவள் அழுதாள். மருந்தால் பார்வை மங்கியிருந்ததால் கையைப் பிடித்துத்தான் பஸ்ஸில் ஏற்றினேன். உட்கார்ந்த பிறகும் என் கையை அவள் விடவில்லை.

"பொறவு எப்படிக்கா ரெண்டு பேருமே தவற விட்டோம்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான் பாக்கவே இல்லட்டி. நீ போட்டதப் பாத்து அப்படியே போட்டுட்டேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பஸ் மம்சாபுரம் வந்தது. எழுந்திருக்கும்போதுதான் கேட்டாள்.

"எத்தனையத்தான் பாத்தீய?"

"முதல் நாப்பது."

"அந்த நாப்பதையும் வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லி, கம்பியைத் தடவிப் பிடித்துத் தானே இறங்கிப் போனாள்.