மூன்று முறை அழித்தவர்

அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைத் தெருவே ‘சுத்தக்காரர்’ என்றுதான் கூப்பிடும். பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றுகிறவர்கள் ஹார்ட் டிஸ்க்கை அழிக்க அவரிடம்தான் வருவார்கள். எதிர்க்கடைக்காரர் டெலிட் பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். “அது குப்பையைப் பாய்க்கு அடியில தள்ளுற வேலை” என்று இவர் தலையில் அடித்துக்கொள்வார். இவரோ பழைய ஃபைல்களின் மேலேயே டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுவார். அதுவும் மூன்று முறை. “அப்புறம் எந்தக் கொம்பனாலயும் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி எடுக்க முடியாது” என்று மார்தட்டுவார். அழிக்கும் முன் யாருடைய ஃபைலையும் திறந்து பார்க்கமாட்டார் என்பது இன்னொரு பெருமை.

முந்தாநாள் மாடி வீட்டு அக்கா, இறந்துபோன கணவரின் கம்ப்யூட்டரை நாத்தனார் மகளுக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்தார். “எல்லாத்தையும் அழிச்சிடுங்க தம்பி” என்றார். அழித்தார்.

இன்று காலை அக்கா அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கணவர் அக்காவுக்காக ஏதோ பேசி அதில் பதிந்துவைத்தாராம். நாத்தனாருக்கு இப்போதுதான் நினைவு வந்ததாம்.

தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தார் மெக்கானிக். திரை முழுக்கப் பூஜ்யம். எதிர்க்கடையில் கொடுத்திருந்தால் இந்நேரம் அந்தக் குரலை மீட்டிருக்கலாம் என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அரைகுறையாக வேலை செய்கிறவர் மேல் பொறாமை வந்தது.

“ஒரு வார்த்தையாவது கிடைக்குமா தம்பி?”

“இல்லக்கா.” அவர் தலை நிமிரவில்லை. “சுத்தமா செஞ்சுட்டேன்.”