அக்கா எழுதிக் கொடுத்த விறகுச் சீட்டு

அக்காவின் முதல் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், வர முடியாமல் போனில் பேசியவர்களுக்கும் வணக்கம். போன ஆண்டு உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். வாழ்ந்த ஊர் இருக்கும்போது உடம்பை ஏன் திருப்பதியிலேயே மின் தகன மேடையில் வைத்தாய்? அன்று நான் பதில் சொல்லவில்லை. அக்காவின் வாழ்க்கையைச் சொன்னால்தான் அந்தப் பதில் வரும்.

அக்கா பிறந்தது விஜயபுரம் பக்கத்தில் ஓர் ஆந்திர எல்லைக் கிராமத்தில். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போனார்கள். கூலி இல்லாத நாட்களில் அம்மா மலையில் விறகு பொறுக்கி ஓட்டல்களுக்கு விற்றார். ஒன்பது வயதில் அக்காவும் சும்மாடு கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். ஆனாலும் எட்டாவது வரை தெலுங்குப் பள்ளியில் படித்து முடித்தார். பிறகு பாலசமுத்திரம் பக்கம் மணம் செய்து கொடுத்தார்கள். குழந்தை இல்லை. மாமா டிராக்டர் ஓட்டினார். அவர் சீக்கிரமே போய்விட, நான் அக்காவோடு வந்து தங்கினேன்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக்காட்டைக் காக்க வனத்துறை ஊர்ச் சமிதி அமைத்தபோது, வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினராக வேண்டும் என்றார்கள். ஊரில் பேச்சு தமிழ். வரும் காகிதம் எல்லாம் தெலுங்கு. அதைப் படித்துச் சொல்லக்கூடிய பெண் அக்கா ஒருவர்தான். அவரையே தலைவராக்கினார்கள்.

விதிகள் எளியவை. நிற்கும் மரம் எதையும் வெட்டக்கூடாது. ஆடு ஏறக்கூடாது. வாரத்தில் இரண்டு நாள் சுள்ளி பொறுக்கலாம். சாவு வீட்டுக்கு மட்டும், தலைவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், விழுந்து கிடக்கும் கட்டையை எடுக்கலாம். இதற்குப் பதிலாக, மரம் முற்றி வெட்டும் காலத்தில் பாதி ஊருக்கு. அக்கா இதை முழுதாக நம்பினார். வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் நம்ப வைத்தார். பலர் ஆடுகளை விற்றது அக்காவின் பேச்சைக் கேட்டுத்தான்.

அடுத்த வீட்டுக் கன்னியம்மா, கல்யாணமாகி வந்த நாள் முதல் அக்காவோடு விறகுக்குப் போனவர். சமிதி தொடங்கிய புதிதில் இருவரும் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

"இன்னாக்கா, நீ ஆபீசரம்மா ஆய்ட்ட. எங்க அடுப்புல இன்னா வெக்கறது, உன் தீர்மானப் புக்கா?"

"வெய்யி. ஆனா பச்சக் கட்டைல கைய வெச்சின்னா உன் கத்தியப் புடுங்கிக்குவேன்."

இருவரும் சிரித்தார்கள்.

காடு வளர்ந்தது. மலையடிக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் நின்றது. அப்படி இருந்த ஓர் ஐப்பசியில் கன்னியம்மாவின் கணவர் இறந்தார். ஐந்து நாளாக விடாத மழை. எங்கள் ஊரில் எரிப்பதே வழக்கம். விழுந்து கிடந்த கட்டை எல்லாம் ஊறிப் போயிருந்தது. மேற்குச் சரிவில் ஒரு துரிஞ்சி மரம் பட்டுப்போய் நின்றது. உள்ளே காய்ந்த மரம். அதை வெட்டிக்கொள்கிறோம் என்று கன்னியம்மாவின் தம்பி வந்து கேட்டார்.

அந்த வாரம் ஓர் அதிகாரி மரங்களை எண்ண வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கணக்கில் ஒன்று குறைந்தாலும் ஊரின் பங்கு போய்விடும் என்று அக்கா பயந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பட்ட மரம்தானே என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அக்கா சீட்டில் இப்படி எழுதினார்: "விழுந்த கட்டை மட்டும்."

எரித்த மறுநாள் காலை பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, ஈரக் கட்டையில் பாதிதான் எரிந்திருக்கிறது, பழைய டயர் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு கன்னியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"எம் புருசனுக்கு ஒரு பட்ட மரம் குடுக்க உனுக்கு மனசு வரலல்ல? பத்தரமா வெச்சிக்கோ. ஆபீசர் வந்து எண்ணிக்கினு போவட்டும்."

அதற்குப் பிறகு அவர் அக்காவோடு பேசவில்லை. அதிகாரி அந்த வாரம் வரவில்லை. அடுத்த மாதம் வந்தார். மலை ஏற நேரமில்லை என்று கீழேயே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சென்றார்.

ஊருக்குச் சொன்ன பாதி வரவே இல்லை. சமிதியின் காலம் முடிந்தது. புதிதாக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கோடையில் ஒருவர் ஒரு மரம் வெட்டினார். கேட்க ஆளில்லை. மறுவாரம் பத்துப் பேர் ஏறினார்கள். அக்கா மலையடியில் தனியாகப் போய் நின்றார்.

"சமிதியே பூட்ச்சி, நீ மட்டும் இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற? நீயும் ரெண்டு வெட்டிக்கினு போக்கா" என்று அவர்கள் சொன்னார்கள். ஆடு விற்றவர்கள்தான். அவர்கள் செய்வது தவறு என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. மூன்று கோடையில் காடு முழுவதும் செங்கல் சூளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் துரிஞ்சி மரமும் ஒரு டிராக்டரில் போனது. அக்கா அதன் பின்னாலேயே பஸ் நிற்கும் இடம் வரை நடந்து, பிறகு திரும்பி வந்தார்.

வயிற்றில் கட்டி என்று திருப்பதியில் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது. கன்னியம்மாவுக்கு அக்கா இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை. கடைசி வாரம் அக்கா என்னிடம் சொன்னார்:

"ஊருக்கு எடுத்துக்கினு போவாதடா. அவ புருசனுக்குக் குடுக்காத கட்டை எனுக்கு எதுக்கு? இங்கியே கரண்ட்ல போட்டுரு."

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

ரத்தம் கொடுத்த உறவுக்காரப் பிள்ளைகளுக்கும், வார்டில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த சின்னம்மாவுக்கும், வாடகை வாங்காமல் வண்டி ஓட்டியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கன்னியம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அஸ்தியோடு நான் ஊருக்குத் திரும்பிய அன்று அவர் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை.

"கரண்ட்லயா போட்ட?"

"ஆமாக்கா."

"முழுசா எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"சரி" என்றார். அக்கா கேட்கக் காத்திருந்த 'போனது போவட்டும்' என்ற வார்த்தையை இப்போதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.